பாய்ச்சலுக்குக் கீழே ஒரு துறை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ரஷ்யாவின் நோவ்கோரத் நகரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், “இதே வோல்கோவ் ஆற்றோடு வடக்கே போனால் நோவ்கோரத்தைவிட மூத்த ஊர் ஒன்று வரும், ஸ்தாராய லடோகா” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. தேடிப் பார்த்தேன். ஒரு காணொளியில் அதை ‘ரஷ்யாவின் முதல் தலைநகரம்’ என்கிறார்கள். இன்னொன்றில் அது ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைகிங்குகள் கட்டிய ஊர் என்கிறார்கள். அதன் கீழே ரஷ்யர்கள் வந்து, இல்லை, அது ஸ்லாவிய ஊர்தான் என்று கடுமையாகச் சண்டை போடுகிறார்கள். படங்களில் பார்த்தால் ஒரு கோட்டை, சில தேவாலயங்கள், மர வீடுகள், ஆட்டுப்புல் முளைத்த மேடுகள். மொத்தம் இரண்டாயிரம் பேர்தான் வசிக்கிறார்களாம்.

என் கேள்விகள் இவை. அது உண்மையிலேயே தலைநகரமாக இருந்ததா? யார் அதை நிறுவினார்கள்? அவ்வளவு பெரிய ஊர் என்றால் எப்படி இப்படிச் சுருங்கிப் போனது? பாம்பு கடித்துச் செத்த ஓலெக் அரசரின் கல்லறை அங்கே இருக்கிறது என்கிறார்களே, அது நிஜமா?

நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுத வேண்டுகிறேன்.

எஸ்., சேலம்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. அந்த ஊரை ஒற்றை வரியில் கடக்கக் கூடாதுதான். உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லாமல் முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு புரிந்தால் மற்றதில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

வோல்கோவ் வேறு, வோல்கா வேறு. வோல்கா காஸ்பியன் கடலுக்குப் போகும் பேராறு. வோல்கோவின் நீளம் வெறும் 224 கிலோமீட்டர். தெற்கே இல்மேன் ஏரியில் புறப்பட்டு, உடனே நோவ்கோரத்தைத் தொட்டு, வடக்கு நோக்கி ஓடி, லடோகா ஏரியில் விழுகிறது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏரி அது. அந்த ஏரியின் நீரை நேவா ஆறு பால்டிக் கடலுக்குக் கொண்டுபோகிறது. ஆக, பால்டிக்கிலிருந்து படகில் வருகிறவன் நேவா வழியாக ஏரிக்குள் நுழைந்து, தென்கரையை ஒட்டி வந்து, வோல்கோவின் வாய்க்குள் திரும்பினால் ரஷ்யாவின் உட்புறத்துக்கு ஒரு கதவு திறக்கிறது. அந்த வாயிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே, ஆற்றின் இடது கரையில், லடோஷ்கா என்ற சிற்றாறு வந்து கலக்கும் முனையில்தான் ஸ்தாராய லடோகா இருக்கிறது. இன்றைய பீட்டர்ஸ்பர்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.

ஏன் ஆற்றின் வாயிலேயே ஊர் அமையவில்லை? ஏரிக்கரை தாழ்ந்த சதுப்பு. புயலடித்தால் ஏரி கடல்போலக் கொந்தளிக்கும். கொஞ்சம் உள்ளே வந்தால் கரை உயர்கிறது, சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் தலைகாட்டுகின்றன, சிற்றாற்றின் முகத்தில் படகுகள் ஒதுங்க இடம் கிடைக்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் இன்னும் மேலே இருந்தது. ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், இன்றைய வோல்கோவ் நகரம் இருக்கும் இடத்தில், ஆறு பாறைகளுக்கு நடுவே பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடலையும் ஏரியையும் தாண்டி வந்த கப்பல் எதுவும் அந்தப் பாய்ச்சலில் சரக்கோடு ஏற முடியாது. லடோகாவில் நிறுத்த வேண்டும், சரக்கை இறக்க வேண்டும், தட்டையான ஆற்றுப்படகில் ஏற்ற வேண்டும், இடம் தெரிந்த ஆட்களைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். மேலிருந்து வருகிறவனுக்கும் இதே கதைதான், தலைகீழாக. அந்தக் காலத்தில் அகலப் பாதையிலிருந்து மீட்டர் பாதைக்கு மாற ரயில் சந்திப்பில் இறங்கிக் காத்திருந்தோமே, அப்படி வடக்குலகத்தின் பாதி வணிகம் இந்தத் துறையில் இறங்கிக் காத்திருந்தது.

காத்திருக்கும் இடத்தில் சோறு வேண்டும், படகுக்குப் பழுது பார்க்கக் கொல்லன் வேண்டும், ஆணி வேண்டும், தங்க வீடு வேண்டும். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். இப்படித்தான் ஊர் உண்டானது. எந்த அரசரும் கொடி நட்டு நிறுவிய ஊராக அது எனக்குத் தோன்றவில்லை. பாறைகள் வண்டியை நிறுத்தச் சொன்ன இடத்தில் மனிதர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள்.

எப்போது என்பதை ஓரளவு கறாராகச் சொல்ல முடிகிறது. இங்கே மண் ஈரமான களிமண். அதன் மேல் எருவும் மரச்சிராயும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து, காற்றுப் புகாத அடுக்குகளாக இறுகிவிட்டன. அதனால் மற்ற இடங்களில் மட்கிப்போகும் மரம், தோல், துணி எல்லாம் இங்கே அப்படியே கிடைக்கின்றன. வீடுகளின் அடிக்கட்டைகளில் உள்ள மரவளையங்களை எண்ணி, எந்த ஆண்டில் அந்த மரம் வெட்டப்பட்டது என்று கணக்கிட்டார்கள். மிகப் பழைய கட்டைகள் கி.பி. 753-இல் வெட்டியவை. 2003-இல் ரஷ்ய அரசு ஊரின் 1250-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஓர் ஊர் தன் பிறந்தநாளை மரக்கட்டையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இனி உங்கள் ‘யார் நிறுவினார்கள்’ என்ற கேள்வி. காணொளிகளின் கீழே நடக்கும் சண்டைக்கு வயது கிட்டத்தட்ட 270 ஆண்டுகள். 1749-இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்காக கெர்ஹார்ட் மில்லர் என்ற ஜெர்மானிய வரலாற்றாய்வாளர், ரஷ்ய அரசை உண்டாக்கியவர்கள் ஸ்காண்டிநேவியர்கள் என்று வாதிடும் உரை ஒன்றைத் தயாரித்தார். ரஷ்ய அறிஞர் லமனோசவ் கொதித்தெழுந்தார். உரை தடுக்கப்பட்டது. அன்றிலிருந்து ஆட்சிகள் மாறும்போதெல்லாம் இந்தச் சண்டையின் எடையும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்ந்து வந்திருக்கிறது. லடோகாவின் மண்ணைத் தோண்டியவர்கள் பலர். 1880-களில் பிராண்டன்பர்க், 1909 முதல் ரெப்னிகோவ், பின்னர் ரவ்தோனிகாஸ், 1970-களிலிருந்து கிர்ப்பிச்னிகோவ். அவர்கள் எடுத்ததையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் சங்கடமான சித்திரம்தான் கிடைக்கிறது.

மிக அடியில் உள்ள அடுக்கில் ஒரு கொல்லுப்பட்டறை. அதில் கிடைத்த கருவிகள் ஸ்காண்டிநேவியக் கைவினையைச் சேர்ந்தவை, கூடவே மனித முகம் கொண்ட ஒரு வெண்கலத் துண்டு, பலரும் அதை ஸ்காண்டிநேவியர்களின் ஓடின் தெய்வத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள். அதே வகை எலும்புச் சீப்புகள். 1950-இல் ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்துகள் பொறித்த ஒரு மரக்குச்சி கிடைத்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கோட்டைக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில், பிளாக்குன் என்ற இடத்தில் ஸ்காண்டிநேவியர்களின் தனிச் சுடுகாடு இருக்கிறது. படகோடு வைத்து எரித்திருக்கிறார்கள். பெண்களும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். ஆக அவர்கள் கொள்ளையடித்துவிட்டு ஓடிய கூட்டமில்லை, குடும்பத்தோடு குடியிருந்தவர்கள்.

ஆனால் ஊரின் அடுத்தடுத்த அடுக்குகளில் ஸ்லாவிய வகை மரவீடுகளும் அவர்களுடைய ஆபரணங்களும் வருகின்றன. ஃபின்னிய இனத்தவரின் அணிகள் வருகின்றன. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் வடக்கே, எதிர்க்கரையில், லூப்ஷா என்ற சிறு கோட்டை இருந்தது. 1990-களில் ர்யாபினின் தோண்டியபோது, அது லடோகாவைவிடப் பழையதாக இருக்கலாம் என்றும், அதன் கல்லும் களிமண்ணும் கலந்த அரண் ஸ்காண்டிநேவிய முறை அல்ல என்றும் தெரிந்தது. குழந்தைகள் விளையாடிய மரவாள்கள் கிடைத்திருக்கின்றன. அன்றைய மேற்கு ஐரோப்பாவின் ஃபிராங்கிய வாள்களின் சாயலில் செதுக்கியவை. அந்த மரவாளைப் பிடித்துத் தெருவில் ஓடிய பிள்ளை வீட்டில் எந்த மொழி பேசியது? ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி, துறையில் சரக்கிறக்கும் ஆட்கள் மூன்றாவது மொழி. ‘முதலில் வந்தவன் யார்’ என்று கேட்டு ஓர் இனத்துக்குப் பட்டா எழுதிக்கொடுக்கும் வேலையை இந்த ஊர் செய்ய மறுக்கிறது. அது அந்த ஊரின் பெருமை என்பது என் கருத்து.

வணிகம் என்ன? வடக்கே காடுகளில் அணில், மரநாய் (மார்ட்டன்), நீர்நாய் ஆகியவற்றின் தோல். தெற்கே அரபு உலகின் வெள்ளிக்காசு, திர்ஹம். இரண்டுக்கும் நடுவே லடோகா. கிழக்கு ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய திர்ஹம் புதையல்களில் ஒன்று இங்கே எடுத்தது. அதிலுள்ள கடைசிக் காசின் ஆண்டு கி.பி. 786. ஹாரூன் அல் ரஷீத் பாக்தாத்தில் கலீஃபாவான அதே ஆண்டு. அடிமை வணிகமும் இந்த ஆறுகளில் நடந்தது. தோலையும் வெள்ளியையும் மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி.

இவற்றோடு இன்னொரு சரக்கு: கண்ணாடி மணிகள். லடோகா மண்ணில் அவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. நீலம், மஞ்சள், பச்சை, கண்போலப் புள்ளி வைத்தவை. பெரும்பாலானவை அரபு உலகிலிருந்து வந்தவை. சில இங்கேயே செய்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. காட்டு வேடனிடம் தோல் வாங்க இந்த மணிதான் பணம். 922-இல் வோல்காவின் கரையில் ரூஸ் என்று அழைக்கப்பட்ட வடக்கத்திய வணிகர்களைச் சந்தித்த இப்னு ஃபத்லான் என்ற அரபுத் தூதர், அவர்கள் பச்சை மணி ஒன்றுக்கு ஒரு திர்ஹம் வரை கொடுத்து வாங்கி, பெண்களுக்கு மாலையாகக் கோத்துப் போட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு மணிக்கு ஒரு வெள்ளிக்காசு!

மணியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்த ஊரைப் பற்றிய எழுத்துகளிலேயே எனக்கு மிக நெருக்கமான பகுதி அது. 1114-இல் லடோகாவில் கற்கோட்டைக்கு அடித்தளம் போட்டார்கள். மிஸ்திஸ்லாவ் இளவரசரின் காலம், வேலையை நடத்தியவர் பாவெல் என்ற ஊர்த்தலைவர். அந்தச் செய்தியைக் குறித்து வைக்கும் பழைய ரஷ்ய வரலாற்றேட்டின் ஆசிரியர், பெயர் தெரியாதவர், திடீரென்று ‘நான்’ என்று பேச ஆரம்பிக்கிறார். நான் லடோகாவுக்குப் போயிருந்தபோது ஊரார் ஒன்று சொன்னார்கள் என்கிறார். பெரிய கார்மேகம் வந்து போனால், எங்கள் பிள்ளைகள் துளையிட்ட கண்ணாடி மணிகளைக் கண்டெடுக்கிறார்கள், சிறியதும் பெரியதுமாக. வோல்கோவ் ஆற்றோரம் தண்ணீர் அடித்து ஒதுக்குவதையும் பொறுக்குகிறார்கள். அவரே நூற்றுக்கு மேல் எடுத்துக்கொண்டாராம். வியந்துபோய் நின்ற அவரிடம் ஊரார், இது என்ன பெரிய அதிசயம், எங்கள் கிழவர்கள் வடக்கே வெகுதூரம் போனவர்கள், அங்கே மேகம் இறங்கி அதிலிருந்து அணில் குட்டிகள் விழுவதைப் பார்த்திருக்கிறார்கள், இன்னொரு மேகத்தில் சின்னச் சின்ன மான்கள் விழுந்தன, அவை வளர்ந்து நிலமெங்கும் பரவின என்கிறார்கள். யாராவது நம்பாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஏட்டாசிரியர் சாட்சி வைக்கிறார்: ஊர்த்தலைவர் பாவெலும் லடோகா மக்கள் அனைவரும்.

நடந்தது என்ன என்பது நமக்குப் புரிகிறது. அவர் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வணிகர்கள் சிந்திய மணிகள் மண்ணில் புதைந்திருந்தன. மழையும் ஆறும் கரையை அரித்தபோது அவை வெளியே வந்தன. ஊர் தன் மூதாதைகளின் காசைப் பொறுக்கிக்கொண்டிருந்தது, அது வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பியபடி. முந்நூறு ஆண்டுகளில் மணி வணிகம் அந்த ஊரின் நினைவிலிருந்தே போய்விட்டது. ஆனாலும் அந்த எழுத்தாளர் கேள்விப்பட்டதை மட்டும் எழுதவில்லை. குனிந்து பொறுக்கினார், எண்ணினார், எங்கே கிடைத்தது என்று குறித்தார், சாட்சியின் பெயரைச் சேர்த்தார். லடோகாவின் முதல் தொல்லியல் குறிப்பு அதுதான் என்பேன். ரஷ்ய வரலாற்றின் தொடக்க காலத்து ஏடுகளில் இளவரசர்களின் போர்களையும் உறவினர் துரோகங்களையும் படித்து அலுத்த வாசகனுக்கு, ஆற்றங்கரையில் மணி பொறுக்கும் பிள்ளைகள் வரும் இந்தப் பத்தி பெரிய ஆறுதல்.

சரி, தலைநகரம். 862-இல் ஸ்லாவிய, ஃபின்னியக் குலங்கள் தங்களுக்குள் சண்டை ஓயாமல், கடலுக்கு அப்பாலிருந்து ரூரிக் என்ற வரங்கிய (ஸ்காண்டிநேவிய) தலைவனை ஆள அழைத்தார்கள் என்று ஏடு சொல்கிறது. அவன் எங்கே வந்து அமர்ந்தான் என்பதில்தான் ஏட்டின் கைப்பிரதிகள் முரண்படுகின்றன. ஹிப்பாத்தியக் கைப்பிரதி, முதலில் லடோகாவில் என்கிறது. நோவ்கோரத்தின் சொந்த ஏடு, நோவ்கோரத்தில் என்கிறது. நோவ்கோரத் நகரத்தின் மண்ணில் அவ்வளவு பழைய குடியிருப்பு கிடைக்கவில்லை, அதற்குச் சற்றுத் தெற்கே ரூரிக் மேடு என்று அழைக்கும் இடத்தில் 9-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு இருக்கிறது. லடோகாவோ அப்போதே நூறு வயது கடந்த ஊர். எனவே ரூரிக் என்று ஒருவன் வந்திருந்தால், லடோகாவைத் தொடாமல் உள்ளே போயிருக்க முடியாது. அதற்கு மேல் ‘முதல் தலைநகரம்’ என்பதெல்லாம் சுற்றுலாப் பலகையில் எழுதும் வாசகம். தலைநகரம் என்றால் வரி, அலுவலர், எல்லை கொண்ட அரசு ஒன்று பின்னால் இருக்க வேண்டும். 862-இல் அங்கே இருந்தது ஓர் ஆறும், அதில் போகிற வருகிற படகுகளும், அந்தப் படகுகளிடம் கட்டணம் கேட்கும் அளவுக்கு வாள்கள் வைத்திருந்த ஒரு கூட்டமும்தான். லடோகாவைத் தலைநகரம் என்று உயர்த்துவதில் அதன் உண்மையான சிறப்பு மறைந்துபோகிறது என்பது என் வருத்தம். எல்லாரும் வந்து இறங்கிய துறை அது.

ஸ்காண்டிநேவியத் தொடர்பு ரூரிக்கோடு முடியவில்லை. பழைய ஸ்காண்டிநேவியக் கதைகளில் இந்த ஊர் அல்தேய்கியுபோர்க் என்று வருகிறது. 1019-ஐ ஒட்டி ஸ்வீடன் அரசரின் மகள் இங்கிகெர்த், கீவ் அரசர் யாரஸ்லாவை மணந்தபோது, லடோகாவைத் தனக்குச் சீர்ப்பொருளாகக் கேட்டு வாங்கி, அதைத் தன் உறவினர் ரோக்ன்வால்துக்குக் கொடுத்தாள். பாருங்கள், ஒரு பெண் மணமாகும்போது கேட்க வேறு எத்தனையோ இருக்க, அவள் கேட்டது தன் நாட்டுக் கப்பல்கள் வந்து நிற்கும் துறையை.

பின்னாளில் அதே ஸ்வீடன் எதிரியாக வந்தது. 1164-இல் 55 கப்பல்களில் வந்தார்கள். லடோகா மக்கள் கோட்டைக்கு வெளியே இருந்த தங்கள் வீடுகளைத் தாங்களே கொளுத்திவிட்டு, நெஷாத்தா என்ற ஊர்த்தலைவரோடு உள்ளே புகுந்து கதவடைத்தார்கள். எதிரிக்கு ஒதுங்க ஒரு கூரைகூட விடக் கூடாது என்பது திட்டம். ஸ்வீடர்கள் முற்றுகையில் தோற்றுப் பின்வாங்கினார்கள். ஐந்தாம் நாள் நோவ்கோரத்திலிருந்து இளவரசர் ஸ்வியாத்தஸ்லாவ் படையோடு வந்து அவர்களைப் பிடித்தார். 43 கப்பல்கள் சிக்கின.

கோட்டைக்குள் இன்றும் நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயம் இந்த வெற்றிக்கு நன்றியாகக் கட்டியது என்று பலர் கருதுகிறார்கள். நீங்கள் படத்தில் பார்த்த சின்ன வெள்ளைக் கட்டடம் அதுதான். உள்ளே 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் ஒரு பகுதி தப்பியிருக்கிறது. டிராகனை வென்றவர் என்று கதை சொல்லும் ஜார்ஜ் குதிரையில் இருக்கிறார், மேலங்கி காற்றில் பறக்கிறது, கையில் ஈட்டி இருந்தும் அவர் யாரையும் குத்தவில்லை. குதிரைக்குக் கீழே இளவரசி, அந்த டிராகனைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை அழைத்துப் போவதுபோல நடத்திப் போகிறாள். எரிந்த வீடுகளின் சாம்பல் ஆறாத ஊரில், போர் வெற்றியின் நினைவாக இப்படி ஓர் ஓவியத்தைத் தீட்டச் சொன்னவர்கள் யார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நூற்றாண்டில் இந்தச் சிற்றூரில் குறுகிய காலத்துக்குள் ஆறேழு கல் தேவாலயங்கள் எழுந்தன. முழுதாக நிற்பவை ஜார்ஜும் கன்னிமாடத்திலுள்ள மாதா தேவாலயமும் மட்டுமே.

சுருங்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். அரபு வெள்ளி 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வற்றத் தொடங்கியது. நோவ்கோரத் வளர்ந்து வணிகத்தைத் தன் பக்கம் இழுத்தது. 1323-இல் நேவா ஏரியிலிருந்து புறப்படும் இடத்திலேயே ஓரேஷெக் கோட்டை எழுந்தபோது காவல் பொறுப்பும் அங்கே போய்விட்டது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாஸ்கோ, பீரங்கியைத் தாங்கும்படி ஐந்து கோபுரங்களோடு லடோகாக் கோட்டையைப் புதிதாகக் கட்டியது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன் வடிவம்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கக் குழப்பத்தில் ஸ்வீடர்கள் கையில் சிக்கி, 1617-இல் ஸ்தோல்பவா உடன்படிக்கையோடு திரும்பக் கிடைத்தது. அப்புறம் சுமார் எண்பது ஆண்டுகள் எல்லைக் காவல் ஊர்.

கடைசி அடியைப் பீட்டர் பேரரசர் கொடுத்தார். ஸ்வீடர்களைத் துரத்தி நேவாவைக் கைப்பற்றியதும் எல்லை நகர்ந்துவிட்டது. 1704-இல் ஆற்றின் வாயிலேயே நோவய லடோகா என்ற புது நகரத்தை அவர் உண்டாக்கினார். பழைய ஊரின் நகர உரிமை போனது, மக்களில் பலர் புது ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ‘பழைய’ என்ற அடைமொழி அப்போது ஒட்டியதுதான். பிறகு ஏரிப் புயலுக்குப் பயந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கால்வாயை ஏரிக்கரையோடு வெட்டினார்கள், 1731-இல் அது திறந்தது. அதன் தலையும் நோவய லடோகாதான். பழைய ஊருக்குப் பீட்டர் அனுப்பியது ஒரே ஒருவரை: தான் விலக்கிய முதல் மனைவி யெவ்தோக்கியா லோபுகினாவை. 1718 முதல் 1725 வரை அவர் இங்குள்ள கன்னிமாடத்தில் காவலில் கிடந்தார். ஒருகாலத்தில் உலகமே வந்து இறங்கிய ஊர், யாரும் பார்க்கக் கூடாதவரை ஒளித்துவைக்கும் இடமாகிவிட்டது.

ஆறும் மாறிவிட்டது. வோல்கோவ் பழைய காலத்திலிருந்தே தன் இஷ்டத்துக்கு நடக்கும் ஆறு. மேற்பகுதியில் சரிவு மிகக் குறைவு. இல்மேன் ஏரியில் நீர் தாழ்ந்து, கீழே கிளையாறுகள் பெருகினால், நோவ்கோரத் அருகே அது தெற்கு நோக்கித் திரும்பி ஓடும். 1063-இல் ஐந்து நாள் அப்படி ஓடியதை ஏடு கெட்ட சகுனமாகக் குறித்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து நகரம் எரிந்ததாம். ஆனால் சோவியத் அரசு செய்த மாற்றம் நிரந்தரமானது. பொறியாளர் கிராஃப்தியோ தலைமையில் கட்டிய வோல்கோவ் நீர்மின் நிலையம் 1926 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டின் முதல் பெரிய நீர்மின் நிலையம். அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் அந்தப் பாய்ச்சல் மூழ்கியது. லடோகா என்ற ஊர் அங்கே இருப்பதற்குக் காரணமான பாறைகள் இன்று கண்ணுக்குத் தெரியாது. ஏரியிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிட வந்த வோல்கோவ் வெண்மீனுக்கும் வழி அடைபட்டது, அந்த இனம் இன்று அருகிப்போனவற்றின் பட்டியலில் இருக்கிறது. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராட் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) முற்றுகையில் வாடியபோது, 1942-இல் ஏரியின் அடியில் கம்பிவடம் இட்டு இந்த நிலையத்தின் மின்சாரத்தைத்தான் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதனால் அணையைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. மீனை நினைத்து வருந்தாமலும் இருக்க முடிவதில்லை.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. ஓவியர் நிக்கோலாய் ரோரிக் 1899-இல் லடோகாவுக்கு வந்து வரைந்தார், பழஞ்சின்னங்களைக் காப்பது பற்றி எழுதினார். ஆற்றில் வண்ணப் பாய்களோடு வரங்கியர் கப்பல்கள் வரும் அவருடைய 1901-ஆம் ஆண்டு ஓவியத்தின் பின்னால் அந்தப் பயணம் இருக்கிறது. அதே ரோரிக்தான் பிற்காலத்தில் இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில் குடியேறி அங்கேயே மறைந்தவர். மகன் ஸ்வெதஸ்லாவ் நடிகை தேவிகாராணியை மணந்து பெங்களூருக்கு வெளியே தாத்தகுனியில் வாழ்ந்தார்.

கடைசியாக ஓலெக். ரூரிக்கின் வாரிசாக வந்து கீவைப் பிடித்தவர். உன் குதிரையால் உனக்குச் சாவு என்று குறிசொல்லி சொன்னதால் அதை ஒதுக்கிவைத்தார், குதிரை செத்தபின் அதன் மண்டையோட்டைக் காலால் மிதித்து, இதுவா என்னைக் கொல்லும் என்று சிரித்தார், உள்ளிருந்து பாம்பு வந்து தீண்டியது. கதை உங்களுக்குத் தெரியும். கீவ் ஏடு அவர் 912-இல் இறந்து கீவில் அடக்கமானார் என்கிறது. நோவ்கோரத் ஏடு, 922-இல், அவர் வடக்கே போகும்போது பாம்பு தீண்டியது, கல்லறை லடோகாவில் இருக்கிறது என்கிறது. நீங்கள் படத்தில் பார்த்த, ஊருக்கு வடக்கே ஆற்றோரம் நிற்கும் உயர்ந்த மேட்டைத்தான் ஓலெக் மேடு என்கிறார்கள். அந்த வகை மேடுகள் 8 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை இந்தப் பகுதியில் பெரிய மனிதர்களை எரித்துப் புதைக்க எழுப்பியவை. வோல்கோவின் கரைகளில் அவை வரிசையாகவே இருக்கின்றன. 1820-இல் ஹதகோவ்ஸ்கி அந்த மேட்டைத் தோண்டினார். எரித்த தடயங்கள் கிடைத்தன. பெயரைச் சொல்லும் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. அது முக்கியமான ஒருவரின் மேடு, ஓலெக்கின் காலத்துக்குப் பொருந்துகிறது என்பது வரை நிஜம். ஓலெக்குக்கு கீவிலும் கல்லறை காட்டுகிறார்கள். அவர் வாழ்க்கையைத் தெற்கே கீவ், வடக்கே லடோகா என்று அந்த ஆற்றுப்பாதையின் இரு முனைகளும் பங்குபோட்டுக்கொண்டதால், சாவையும் பங்குபோட்டுக்கொண்டன என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்.